டூருக்கு காசு வைக்கிறதா, வேண்டாமா? நான் செஞ்ச ரெண்டு தப்பு



சில வருஷத்துக்கு முன்னாடி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். டூர் போற 50,000 ரூபாயை முதலீடு பண்ணினா என்ன ஆகும்னு அதுல கணக்கு போட்டுக் காட்டினேன். வருஷத்துக்கு 12 சதவீதம் வளர்ச்சி, 20 வருஷம். கையில சுமார் 4.8 லட்சம் ரூபாய் நிக்கும். "நாலு நாள் குளிருக்காக 4.8 லட்சத்தை விடப்போறீங்களா?"ன்னு கடைசியில ஒரு கேள்வியும் கேட்டேன்.

அந்த வீடியோவைப் பார்த்துட்டு ரொம்ப பேர் டூரை கேன்சல் பண்ணிட்டதா சொன்னாங்க. அப்போ பெருமையா இருந்துச்சு. இப்போ அதை நினைச்சா கொஞ்சம் சங்கடமா இருக்கு. அதனாலதான் இந்தப் பதிவு. இது முழுக்க என்னோட சொந்தக் கருத்து, என் வீட்டுக் கணக்கோட சேர்த்து.

அந்தக் கணக்குல நான் சொல்லாம விட்டது

கூட்டல் கழித்தல்ல தப்பு இல்லை. 50,000 ரூபாய் 12 சதவீதத்துல 20 வருஷம் வளர்ந்தா கிட்டத்தட்ட 9.6 மடங்கு ஆகும். ஆனா 20 வருஷம் கழிச்சு வரப்போற 4.8 லட்சத்தை இன்னைய ரூபாய் மாதிரியே பேசிட்டேன். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னு வைங்க. அந்த 4.8 லட்சத்தோட மதிப்பு இன்னைய கணக்குல ஒன்றரை லட்சம்தான். 12 சதவீதம் கட்டாயம் கிடைக்கும்னும் யாரும் எழுதிக் கொடுக்கலை.

இன்னொரு பக்கத்தையும் நான் பார்க்கவே இல்லை. பணம் 20 வருஷம் காத்திருந்தா வளரும். கூட வர்ற ஆட்கள் காத்திருந்தா என்ன ஆவாங்க? அந்தக் காலம் எக்செல்ல இல்லவே இல்லை.

என் வீட்டுல நடந்த நாலு பயணத்தைச் சொல்றேன். அதுல ஒண்ணு நடக்காத பயணம்.

2014: ஊட்டி, 8,600 ரூபாய்

கல்யாணமாகி மூணு மாசம். என் சம்பளம் அப்போ 24,000. சென்னையில வாடகை போக கையில பெருசா எதுவும் நிக்காது. ராத்திரி ரயில் ஏறி மேட்டுப்பாளையம் போய், காலையில 7.10க்கு கிளம்புற மலை ரயிலைப் பிடிச்சோம். மொத்தமே 46 கிலோமீட்டர்தான். ஆனா ஊட்டி போய்ச் சேர அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். மலை ஏறும்போது எஞ்சின் முன்னாடி நின்னு இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். குன்னூர் வரைக்கும் நடுவுல ஒரு பல் வரிசைத் தண்டவாளம் ஓடும், எஞ்சினோட பல்சக்கரம் அதைக் கவ்விக்கிட்டு ஏறும். யுனெஸ்கோ 2005ல இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னத்துல சேர்த்ததெல்லாம் எங்களுக்கு அப்போ தெரியாது. டிக்கெட் மலிவுங்கறதுதான் தெரியும்.

ஹில்குரோவ் ஸ்டேஷன்ல எஞ்சின் தண்ணி பிடிக்க நிக்கும். என் மாமியார் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை நான் ஜன்னல் ஓரமா பிரிச்சு வச்சேன். ஒரு குரங்கு வந்து பொட்டலத்தோட தூக்கிட்டுப் போயிருச்சு. என் மனைவி சிரிச்ச சிரிப்புல பெட்டியே திரும்பிப் பார்த்துச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா ரெண்டு சப்பாத்தி கொடுத்தாங்க. தொட்டபெட்டாவுக்குப் போனா ஒரே மூட்டம். நீலகிரியிலேயே உயரமான சிகரத்துல நின்னுக்கிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் மட்டும்தான் பார்த்தோம்.

ரெண்டு ராத்திரி, மூணு பகல். ரயில், ரூம், சாப்பாடு, ஒரு ஸ்வெட்டர் எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கு. எங்களுக்குள்ள சண்டை வந்து ரெண்டு நாள் பேசாம இருந்தா, "குரங்குக்குக் குடுத்த சோறை எனக்குக் குடுத்திருக்கலாம்ல"ன்னு யாராவது ஒருத்தர் ஆரம்பிப்போம். சண்டை முடிஞ்சிரும். பன்னிரண்டு வருஷமா இந்த 8,600 ரூபாய்க்கு வட்டி வந்துட்டே இருக்கு.

2018: 85 ரூபாய்க்கு விட்ட குறிஞ்சி

எங்க அப்பா அரசு பஸ் கண்டக்டர். ரொம்ப வருஷம் அவருக்கு மதுரை – கொடைக்கானல் ரூட்டுதான். நூற்றுக்கணக்கான தடவை அந்த மலை ஏறி இறங்கியிருக்கார். ஆனா கொடைக்கானல்ல அவர் பார்த்தது பஸ் ஸ்டாண்டு, எதிர்ல இருக்கற டீக்கடை, நைட் ஹால்ட் அன்னைக்கு பஸ்ஸுக்குள்ள போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு நடுங்கின குளிர். ஏரி பக்கம் ஒருநாளும் போனதில்லை. தூண் பாறையை போஸ்டர்ல பார்த்திருக்கார். காலையில முதல் டிரிப் எடுக்கணும், எங்க போறது?

2015ல 58 வயசுல ரிட்டயர் ஆனார். 2018ல குறிஞ்சி பூத்துச்சு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கற பூ. அப்பா போன் பண்ணினார்.

"ஏப்பா, குறிஞ்சி பூத்திருக்காம்ல. பேப்பர்ல போட்டிருக்கான். 2006ல பூத்தப்ப டூட்டியில இருந்தேன். பஸ் பூரா கூட்டம். அத்தனை பேருக்கும் டிக்கெட் கிழிச்சதுதான், இறங்கிப் பார்க்க நேரமில்ல. இந்தத் தடவை எல்லாரும் ஒரு நடை போய்ட்டு வந்துருவமா?"

அப்பா தனக்குன்னு எதையும் கேட்கறவர் இல்லை. அது எனக்கு அப்போ உறைக்கலை. 2017ல வீட்டுக் கடன் வாங்கியிருந்தேன், எட்டரை சதவீத வட்டி. வருஷத்துக்கு 50,000 ரூபாயாவது முன்கூட்டியே கட்டணும்னு சபதம். கணக்கு போட்டேன். நாலு பேர், கைக்குழந்தை, வண்டி, ஒரு ராத்திரி ரூம். 12,000 ஆகும். "இந்த வருஷம் கொஞ்சம் டைட்டுப்பா, அடுத்து பார்க்கலாம்"னேன். "சரிப்பா, கடன் முக்கியம்"னுட்டு வச்சிட்டார்.

இப்போ அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்க. 12,000 ரூபாயை எட்டரை சதவீதக் கடன்ல முன்கூட்டியே கட்டினா முதல் வருஷம் மிச்சமாகற வட்டி 1,020 ரூபாய். மாசத்துக்கு 85 ரூபாய். கடன் 20 வருஷம் முழுக்க ஓடினா இந்த மிச்சம் பெருகும், அதை நான் மறுக்கலை. ஆனா அந்த வருஷம் என் குடும்பம் இருந்த நிலையில 12,000 ரூபாயால எதுவும் கவிழ்ந்திருக்காது. "அடுத்து பார்க்கலாம்"னு சொன்னேனே, குறிஞ்சிக்கு அடுத்துன்னா 2030.

இது என்னோட முதல் தப்பு. சிக்கனம்னு நினைச்சு செஞ்சது.

2019: கடன்ல போன சிங்கப்பூர்

ரெண்டாவது தப்பு இதுக்கு நேர் எதிர். அதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமா இருக்கு. அப்பாவுக்கு 12,000 இல்லைன்னு சொன்ன அதே ஆள், அடுத்த வருஷ டிசம்பர்ல ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் போட்டு குடும்பத்தோட சிங்கப்பூர் போனேன்.

ஏன்? ஆபீஸ்ல என் டீம்ல எல்லாரும் எங்கயாவது வெளிநாடு போய் ஸ்டேட்டஸ் வச்சாங்க. பேங்க்ல இருந்து "உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் ஆகிவிட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு. நாலு கிளிக், பணம் அக்கவுண்டுல. சேமிச்ச காசை எடுத்துச் செலவு பண்ணியிருந்தா கை நடுங்கியிருக்கும். கடன் வாங்கினதால நடுங்கலை.

பாப்பாவுக்கு அப்போ மூணு வயசு. சென்டோசா தீம் பார்க்ல பாதி ரைடுக்கு அவ உயரம் போதலை. ரெண்டாம் நாள் காய்ச்சல். மெர்லயன் சிலை முன்னாடி நின்னு எடுத்த போட்டோவுல அவ அழுதுட்டு இருப்பா. இன்னைக்கு அதைக் காட்டினா "இது நானா?"ன்னு கேட்கறா. மூணு, மூன்றரை வயசுக்கு முன்னாடி நடந்தது பெரும்பாலானவங்களுக்குப் பெரியவங்களான பிறகு நினைவுல நிக்காதுன்னு உளவியல்ல ரொம்ப காலமா சொல்றாங்க. அதைத் தெரிஞ்சுக்க நான் ஒன்றரை லட்சம் கட்டினேன்.

ஒன்றரை லட்சம், 14 சதவீதம், 24 மாசம். மாசத் தவணை சுமார் 7,200. மொத்தம் கட்டினது 1,72,800க்கு மேல, வட்டி மட்டும் கிட்டத்தட்ட 22,800. முதல் தவணை 2020 ஜனவரி. மார்ச்ல லாக்டவுன். ஏப்ரல்ல சம்பளத்துல 25 சதவீதம் பிடிச்சாங்க. தவணையைத் தள்ளிப் போட ரிசர்வ் வங்கி வழி விட்டுச்சு. ஆனா தள்ளிப் போடற மாசத்துக்கும் வட்டி ஓடும்னு தெரிஞ்சதால கட்டிக்கிட்டே இருந்தேன். காய்கறிக்குக் கணக்குப் பார்த்த மாசத்துலகூட சிங்கப்பூருக்கு 7,200 போச்சு. போட்டோவுக்கு விழுந்த லைக் ஒரு வாரத்துல நின்னுருச்சு. தவணை நின்னது 2021 டிசம்பர்ல.

சிங்கப்பூர் மேல குறை இல்லை, அருமையான ஊர். போன விதம்தான் தப்பு.

2024: வண்டியிலேயே உட்கார்ந்திருந்த அப்பா

2022ல அப்பாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சாங்க. முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சது. 2024 காலாண்டு லீவுல இ-பாஸ் போட்டு, மதுரையில இருந்து வண்டி பிடிச்சு எல்லாரும் கிளம்பினோம்.

வத்தலக்குண்டு தாண்டினதும் அப்பா முன் சீட்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். "காமக்காபட்டி செக்போஸ்ட்… ஊத்து… பெருமாள்மலை…"ன்னு ஒவ்வொரு ஸ்டாப்பிங்கா குரல் கொடுத்தார். எந்த வளைவுல பஸ் நிப்பாட்டி தண்ணி ஊத்துவாங்க, எந்த வளைவுல காட்டெருமை நிக்கும், எல்லாம் சொன்னார். என் மக வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டு வந்தா.

கோக்கர்ஸ் வாக் வாசல்ல வண்டி நின்னுச்சு. மலைச்சரிவை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நடைபாதை. கீழே சமவெளி முழுக்கத் தெரியும். அப்பா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வச்சார், திரும்ப எடுத்து உள்ள வச்சுக்கிட்டார்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் வண்டியிலயே இருக்கேன்."

தூண் பாறையிலயும் அதே பதில். நாங்க போய்ப் பார்த்துட்டு வந்தோம். வர்றப்போ கண்ணாடியை இறக்கி விட்டுக்கிட்டு, போற வர்ற பஸ்ஸைப் பார்த்துக்கிட்டு இருந்தார். 2018ல அவருக்கு 61. கடையில இருந்து அரிசி மூட்டையைத் தானே தூக்கிட்டு வருவார். அந்த ஒரு கிலோமீட்டரை ரெண்டு தடவை நடந்திருப்பார்.

திரும்பற அன்னைக்கு, "பஸ் ஸ்டாண்டுல ஒரு அஞ்சு நிமிஷம் நிப்பாட்டுப்பா"ன்னார். பழைய டீக்கடை இருந்த இடத்துல வேற கடை. மதுரை பஸ் பக்கம் மெதுவா போய், நின்னுக்கிட்டு இருந்த சின்னப் பையன் கண்டக்டர்கிட்ட, "தம்பி, எந்த டிப்போ? கலெக்ஷன் எப்படி இருக்கு?"ன்னு ஆரம்பிச்சார். அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாச்சு. அந்தத் தம்பி அப்பாவை "அண்ணே, உட்காருங்கண்ணே"ன்னு கண்டக்டர் சீட்லயே உட்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா முகத்துல அப்படியொரு சிரிப்பை ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நான் பார்க்கலை.

என் மககிட்ட கொடைக்கானல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா ஏரி, போட்டிங் எதையும் சொல்ல மாட்டா. "தாத்தாவுக்கு பஸ்ல ஃப்ரீயா டீ குடுத்தாங்க"ன்னுதான் சொல்லுவா. அந்தப் பயணத்துக்கு ஆன செலவு 19,400 ரூபாய். வருஷம் தப்பிப் போச்சு, ஆனாலும் முழுசா விட்டுடலை.

என் கருத்து இதுதான்

டூரைப் பத்தி நம்ம ஊர்ல ரெண்டு விதமான பேச்சுதான் கேட்குது. ஒண்ணு, "வாழ்க்கை ஒரு தடவைதான், கார்டைத் தேய்." இன்னொண்ணு, "அது வெட்டிச் செலவு, எஸ்ஐபில போடு." நான் ரெண்டையும் செஞ்சு பார்த்தாச்சு. சுற்றுலாவையும் பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸ் மாதிரி தேதி குறிச்ச ஒரு இலக்கா வைக்கணும்ங்கறது என் கருத்து. அதுக்கு முன்கூட்டியே காசு சேர்க்கணும். தேதி வந்ததும் தள்ளிப் போடாம கட்டணும்.

அதுக்கு நான் இப்போ கடைப்பிடிக்கறது இவ்வளவுதான்.

1. முதல்ல வயசுக் கணக்கு, அப்புறம் பணக் கணக்கு

ஒரு தாளை எடுங்க. மூணு கட்டம் போடுங்க: எந்த ஊர், யாரோட, எந்த வருஷத்துக்குள்ள. படி ஏறணும், நடக்கணும்ங்கற இடங்களை அப்பா அம்மாவோட பேருக்கு நேரா முதல்ல எழுதுங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் போக வேண்டிய ஊரைக் குழந்தைக்கு முன்னாடி எழுதுங்க. குழந்தைக்குன்னு செலவு பண்ற பெரிய பயணத்தை அஞ்சாறு வயசுக்கு அப்புறம் வைங்க. கைக்குழந்தைக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான். வெளிநாடு எங்கயும் ஓடிப் போகாது. முழங்காலுக்குக் கூட்டுவட்டி கிடையாது.

2. போறதுக்கு முன்னாடி கட்டுங்க, போய் வந்த பிறகு கட்டாதீங்க

மாசம் 5,000 ரூபாய் ஆர்டி போட்டா, 6.5 சதவீத வட்டியில 12 மாசத்துல 62,000க்கு மேல வரும். 2,500 போட்டா 31,000. உள்நாட்டுல ஒரு குடும்பம் நல்லாவே போய் வரலாம். இதே பணத்தைக் கிரெடிட் கார்டுல தேய்ச்சு மினிமம் தொகை மட்டும் கட்டினா, பல கார்டுகள்ல வட்டி வருஷக் கணக்குல 40 சதவீதத்தைத் தொட்டு நிக்கும். ஒரு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணத்தை ஈக்விட்டி ஃபண்டுல போடாதீங்க. கிளம்பற மாசம் மார்க்கெட் விழுந்தா பயணமும் விழும்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. 2010ல நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சுற்றுலா போறவங்க போகாதவங்களை விட அதிக சந்தோஷமா இருந்தது போறதுக்கு முன்னாடி இருக்கற நாட்கள்லதான். வந்த பிறகு ரெண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு அதுல தெரிஞ்சது. யோசிச்சுப் பாருங்க. ஆர்டி கட்டற பன்னிரண்டு மாசமும் நீங்க போகப்போற ஊரை நினைச்சுக் கட்டறீங்க. ஈஎம்ஐ கட்டற இருபத்து நாலு மாசமும் முடிஞ்சு போனதுக்குக் கட்டறீங்க. எது சுகம்?

3. எல்டிஏ இருக்கான்னு பாருங்க

உங்க சம்பளக் கட்டமைப்புல எல்டிஏ, அதாவது விடுப்புப் பயணப்படி இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா, உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு வரிவிலக்கு வாங்கலாம். நாலு காலண்டர் வருஷம் ஒரு பிளாக், அதுல ரெண்டு பயணம். போன பிளாக் 2022 – 2025. இப்போ நடக்கறது 2026 – 2029. போன பிளாக்ல பயன்படுத்தாம விட்டதுல ஒரு பயணத்தை 2026லயே முடிச்சு கேட்கலாம். ரயில், விமான டிக்கெட் மாதிரி போக்குவரத்துச் செலவுக்கு மட்டும்தான் விலக்கு. ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. மனைவி, குழந்தைகளோட உங்களைச் சார்ந்திருக்கற அப்பா அம்மாவும் இதுல வருவாங்க. நீங்க லீவு போட்டு நேர்ல போயிருக்கணும். டிக்கெட், போர்டிங் பாஸை பத்திரமா வைங்க. புது வரி முறையில இருக்கறவங்களுக்கு இது இல்லை. இதுக்காக மட்டும் முறையை மாத்தாதீங்க, மொத்த வரியையும் ரெண்டு முறையிலயும் போட்டுப் பார்த்துட்டு முடிவு எடுங்க.

4. காசை எங்க இறக்கறதுன்னு யோசிங்க

பொருளாதாரத்துக்கு 2002ல நோபல் வாங்கின டேனியல் கானிமன் ஒரு விஷயம் சொல்லியிருக்கார். ஒரு அனுபவம் எவ்வளவு நேரம் நீடிச்சதுங்கறதை நம்ம நினைவு பெருசா எடுத்துக்கறதில்லை. அதோட உச்சக்கட்டத்தையும் முடிவையும் வச்சுத்தான் அதை மதிப்பிடுது. என் வீட்டுல குரங்கும் டீயும் நின்னது அதனாலதான். அஞ்சு நாளை மூணு நாளாக் குறைக்கலாம், தப்பில்லை. ஆனா கடைசி நாளை ஓட்டமா ஓடி, பஸ் ஸ்டாண்டுல சண்டை போட்டு முடிக்காதீங்க. தூங்க மட்டும் போற ரூமுக்கு ஆயிரக்கணக்குல கூடுதலா கொடுக்கறதை விட, வயசானவங்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கற வண்டிக்குக் கொடுங்க. ரயில் முன்பதிவு இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. அந்தத் தேதியை போன்ல அலாரம் வச்சுக்கிட்டா தட்கல் செலவு மிச்சம்.

"எனக்கு 22,000தான் சம்பளம், எனக்கு ஏன் இதெல்லாம்?"

நியாயமான கேள்வி. கையில மூணு மாசச் செலவுக்கு அவசரப் பணம் இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, கார்டுல பாக்கி ஓடுதுன்னா, அதை முதல்ல சரி பண்ணுங்க. அதுவரைக்கும் ரூம் போட்டுத் தங்கற டூர் வேண்டாம். ஆனா பயணமே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். மதுரைன்னா அழகர்கோயில், திருச்சின்னா கல்லணை, சென்னைன்னா மாமல்லபுரம். டவுன் பஸ்லயோ ஈசிஆர் பஸ்லயோ போய்ட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட், 15 வயசுக்குக் கீழ இலவசம். வீட்டுல இருந்து சோறு கட்டிக்கிட்டுப் போங்க. குரங்கு தூக்கிட்டுப் போனா அதுவும் லாபம்தான்.

ஊர்ல இருக்கற அப்பா அம்மாவை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய்ப் பார்க்கறோம். ரெண்டு நாள் சமையல், சொந்தக்காரங்க, திரும்ப பஸ். அந்த ரெண்டு நாள்ல ஒரு அரை நாளை எடுத்து அவங்க எங்க போகணும்னு கேட்டுக் கூட்டிட்டுப் போங்க. கேட்டாதான் சொல்லுவாங்க. பல பேர் ஒரு தடவைதான் சொல்லுவாங்க, நீங்க "டைட்டு"ன்னா மறுபடி வாயைத் திறக்க மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு

இந்த வருஷம் நான் புதுசா ஒரு ஆர்டி திறந்திருக்கேன். மாசம் 500 ரூபாய், 48 மாசம். 6.5 சதவீதத்துல 27,000க்கு மேல வரும். 2030ல முதிர்வு. பேங்க் ஆப்ல அதுக்குப் பேர் வைக்கச் சொல்லிக் கேட்டுச்சு, "குறிஞ்சி"ன்னு வச்சேன். அப்பாவுக்கு அப்போ 73. அவரால அப்போ நடக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது. அதனால காத்திருக்கவும் இல்லை. அடுத்த மாசமே ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட் போட்டாச்சு, புது பாம்பன் பாலத்து மேல போகணுமாம். அங்க நடக்க வேண்டியதில்லை, ஜன்னல் ஓரமா உட்கார்ந்தா போதும்.

அந்தப் பழைய வீடியோவை நான் அழிக்கலை. ஆனா டிஸ்கிரிப்ஷன்ல இந்தப் பதிவோட லிங்கைப் போட்டுட்டேன். அதைப் பார்த்துட்டு டூரை கேன்சல் பண்ணினவங்க யாராவது இதைப் படிச்சா, யாரோட போறதா இருந்தீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு இன்னைக்கே ஒரு போன் போடுங்க.

அன்னைக்கு கொடைக்கானல்ல இருந்து இறங்கறப்போ எல்லாரும் வண்டியில ஏறி கதவைச் சாத்தினோம். டிரைவர் கிளம்பலாமான்னு கேட்டார். அப்பா பின்னாடி ஒரு தடவை திரும்பி எங்க எல்லாரையும் எண்ணிப் பார்த்துட்டுச் சொன்னார்: "போலாம், ரைட்!"